ஏழு பேர்ச், பதினெட்டுக் கிலோ, பன்ரெண்டு போர்: சப்ரகமுவ தோட்டங்களில் அளவுகளின் கதை

தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க எங்கள் காதில் விழும் அளவுகளை எழுதிப் பார்த்தோம். காலையில் கடையில் ஒரு இறாத்தல் பாண். மலையில் கொழுந்து நிறுத்தால் கிலோ. ரப்பர் பக்கம் பால் வெட்டுகிறவர்களுக்கு லீற்றர். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்ரெண்டு அடி. வீடு கட்டக் கேட்கிற காணி ஏழு பேர்ச், இப்போது பத்து பேர்ச். தாலிக்குப் பவுன். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிக்குள் இறங்குகிற அண்ணன்மாருக்குக் கரட். காட்டுப் பன்றி வந்தால் பன்ரெண்டு போர் துவக்கு. மழை கொட்டினால் ரேடியோவில் மில்லிமீற்றர்.

இலங்கை மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது 1970-களில். இன்றைக்கு நடைமுறையில் இருப்பது 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது மீற்றரும் கிலோகிராமும் மட்டும்தான். ஆனா வீட்டுக்கு வந்தால் அம்மா இறாத்தலில் பேசுவார், அப்பா அடியில் பேசுவார், காணிக் கந்தோரில் பேர்ச்சில் பேசுவார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் ஏன் இப்படி?

“பழக்கம்தான், வேற என்ன?” என்று சொல்லிவிட்டுப் போகலாம். பழக்கமும் ஒரு காரணம்தான். ஆனா ஒவ்வொரு அளவையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் வேறொரு கேள்வி வருகிறது. அளவுகோலை வைத்திருந்தது யார்? அளக்கப்பட்டது யார்? ஒரு அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது இடையில் விழுந்த மிச்சம் யாருக்குப் போனது?

இறாத்தலும் பவுனும்

‘இறாத்தல்’ ஆங்கிலேயன் கொண்டுவந்த சொல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அளவு ஆங்கிலேயருடையது, பேர் அவர்களுடையது இல்லை. அரபியில் ‘ரத்ல்’. அதைப் போர்த்துக்கீசர் ‘அராத்தெல்’ ஆக்கினார்கள். அவர்கள் வழியாக அது சிங்களத்துக்கும் நம் தமிழுக்கும் வந்தது. ‘பாண்’ என்பதும் போர்த்துக்கீசச் சொல்தான். ஆக, ‘ஒரு இறாத்தல் பாண் குடுங்க’ என்று கேட்கும்போது நாம் பாதிக்கு மேல் போர்த்துக்கீசம் பேசுகிறோம். பிறகு ஆங்கிலேயர் வந்து, பழைய பேரை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே தங்கள் பவுண்டை வைத்தார்கள்.

அதே பவுண்டுக்கு இன்னொரு பேரும் நம்மிடம் இருக்கிறது. நகைக்கடைப் பவுன். அது தங்க நாணயத்தின் பேர். பிரிட்டிஷ் தங்க சவரனின் எடை 7.98 கிராம். அதைச் சுற்றி வளைத்து 8 கிராம் என்று கணக்கு வைத்தார்கள். பாணுக்கு இறாத்தல், தங்கத்துக்குப் பவுன். ஆங்கிலத்தில் ஒரே சொல், நம் வாழ்க்கையில் ரெண்டு தூரமான பொருட்கள்.

1959 இல் அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் சேர்ந்து ஒரு பவுண்டு என்றால் 0.45359237 கிலோகிராம், ஒரு அங்குலம் என்றால் சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று முடிவு செய்தன. அதாவது அன்றிலிருந்து இம்பீரியல் அளவே மெட்ரிக்கை வைத்துத்தான் வரையறுக்கப்படுகிறது.

இப்போது நம் பாணுக்கு வருவோம். சட்டப்படி ஒரு பாணின் எடை 450 கிராம். நிறை குறைந்த பாண் விற்பதாக முறைப்பாடுகள் பெருகியதால் 2024 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதை மறுபடியும் வர்த்தமானியில் போட்டது. 450 கிராம் எங்கிருந்து வந்தது? 453.59 ஐத் தட்டிச் சமப்படுத்தியதுதான். பேர் இறாத்தல், உள்ளே இருப்பது மூன்றரைக் கிராம் குறைந்த இறாத்தல். பெரிய விஷயமா? தினம் ஒரு பாண் வாங்குகிற குடும்பத்துக்கு நாலு மாதத்தில் ஒரு பாண் குறைகிறது. அவ்வளவுதான். ஆனா ஒரு பழக்கத்தைக் கவனியுங்கள். அளவு மாறும்போது எண்ணைச் ‘சுத்தமாக’ ஆக்குகிறார்கள். சுத்தமாக ஆக்குவது மேலே ஏற்றியா, கீழே இறக்கியா என்பதுதான் விஷயம். பாணில் இது கிராம் கணக்கு. கொழுந்துத் தராசில் இதுவே சம்பளக் கணக்கு.

தலை தட்டின கொத்து

தராசுக்கு முன்னால் படி இருந்தது. அரிசியை நிறுக்கவில்லை, அளந்தார்கள். நாலு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரெண்டு கொத்து ஒரு புசல். தோட்டத்தில் அரிசி கூலியின் ஒரு பகுதி. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் இந்தியத் தொழிலாளருக்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, ஒரு புசல் அரிசி என்ன விலைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. அந்தக் கூலியும் உயரத்தைப் பார்த்துப் போடப்பட்டது. மலைநாட்டுக்கு ஒன்று, மத்திய நாட்டுக்கு அதைவிடக் குறைவு, தாழ்நிலத்துக்கு இன்னும் குறைவு. கேகாலையும் இரத்தினபுரியும் பெரும்பாலும் பின்னால் உள்ள ரெண்டில் அடங்கும்.

இன்றைக்கும் தேயிலைக்கு இந்தப் பிரிவு உண்டு. 4,000 அடிக்கு மேல் உயர்நிலத் தேயிலை, 2,000 அடிக்குக் கீழ் தாழ்நிலத் தேயிலை. மெட்ரிக்கில் 1,200 மீற்றர், 600 மீற்றர் என்று எழுதுவார்கள். அந்த எண்களும் அடியிலிருந்து தட்டிச் சமப்படுத்தியவைதான்.

புசலிலும் கொத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொத்தைக் குவித்து அளக்கிறதா, தலை தட்டி அளக்கிறதா? உள்ளே அமுக்கிக் கொட்டுகிறதா, தளர்வாகக் கொட்டுகிறதா? வாங்கும்போது குவித்து, கொடுக்கும்போது தலை தட்டி. பாத்திரம் ஒன்றுதான், ஆனா அளவு ரெண்டு. போலந்து வரலாற்றாசிரியர் விட்டோல்ட் கூலா 1970 இல் எழுதிய ‘அளவுகளும் மனிதர்களும்’ என்ற நூல் முழுக்க இதைத்தான் பேசுகிறது. ஐரோப்பாவில் குடியானவன் பண்ணைப் பிரபுவுக்குக் குத்தகைத் தானியம் அளக்கிறபோது குவியல், பிரபு கடன் கொடுக்கிறபோது தட்டல். ஒவ்வொரு ஊரிலும் பிரபு வைத்ததுதான் படி. 1789 இல் பிரான்ஸ் நாட்டு மக்கள் மன்னனுக்கு எழுதிய குறைப் பட்டியல்களில் ‘ஒரே அளவு வேண்டும்’ என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தக் கோரிக்கையிலிருந்து பிறந்ததுதான் மெட்ரிக் முறை. 1795 இல் பிரான்ஸில் சட்டமானது. மீற்றரைப் பூமியின் சுற்றளவிலிருந்து எடுத்தார்கள், எந்த மன்னனின் காலிலிருந்தும் கையிலிருந்தும் இல்லை. அதை எழுதித் தந்தவர்கள் விஞ்ஞானிகள். அதைக் கேட்டவர்கள் ஏமாற்றப்பட்டு அலுத்துப் போன குடியானவர்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் இந்த ரெண்டாவது பாதி வருவதில்லை.

ஆனா நம் தோட்டங்களுக்குக் கிலோ அப்படி வரவில்லை. யாரும் கேட்டு வாங்கவில்லை. மேலிருந்து வந்தது. தராசில் தட்டு மாறியது, தராசைப் பிடித்த கை மாறவில்லை.

மடுவத்தில் நடக்கிற கணக்கு

கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு நாள் பேர் விழ வேண்டுமென்றால் குறிப்பிட்ட அளவு கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் பல வருடம் அது 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். 2021 இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோது, பல இடங்களில் 18 கிலோ 20 ஆனது, அதற்கு மேலும் ஆனது. அதே வருடம் கூட்டு ஒப்பந்த முறையும் நின்று போனது. 2024 இல் சம்பளம் 1,350 ரூபா. ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் ரூபா எண் பெரிய எழுத்தில் வருகிறது. கிலோ எண் வருவதில்லை. சம்பளம் என்பது ரூபாவும் கிலோவும் சேர்ந்தது. ஒன்றை ஏற்றி மற்றதையும் ஏற்றினால் உயர்வு எங்கே?

இதோடு கழிவு வேறு. கூடை அல்லது சாக்கின் எடைக்கு ஒரு கழிவு, மழை நாளில் தண்ணிக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு. கூடைக்கு எடை இருப்பது உண்மை, நனைந்த கொழுந்து கனக்கும் என்பதும் உண்மை. கேள்வி, எவ்வளவு? கூடையை ஒரு தடவை தனியாக நிறுத்தால் தெரிந்துவிடும். ஆனா ‘ரெண்டு கிலோ’, ‘மூணு கிலோ’ என்று கழிவு எப்போதும் முழு எண்ணிலேயே வருகிறது. 453 ஐ 450 ஆக்கிய அதே பழக்கம். எண் சுத்தமாகிறது, மிச்சம் எங்கேயோ போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவைக்குத் தேவைக்கு மேல் ஒரே ஒரு கிலோ கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை, பகல், அந்தி என்று ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மாதம் 25 நாள் வேலை. 75 கிலோ. 18 கிலோ ஒரு பேர் என்றால் இது நாலு நாளுக்கு மேற்பட்ட கொழுந்து. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை வரும். அப்படியானால் ஒரு ஆளிடமிருந்து மாதம் பதினாறு கிலோ தேயிலை, யார் பேரிலும் எழுதாமல் ஸ்டோருக்குள் போகிறது.

இப்போது பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. எண் வெளிச்சமாகத் தெரிகிறது. நல்லதுதான். ஆனா அந்த வெளிச்சம் யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். கணக்கப்பிள்ளை பக்கமா, கூடை தூக்கி வந்த அக்கா பக்கமா?

“எத்தனைங்க ஐயா?” என்று கேட்டால், “எல்லாம் எழுதியாச்சு, நீ போ” என்பதுதான் பல காலமாகப் பதில். தராசின் எண்ணைப் பார்க்கிற உரிமை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் சமம். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு திணைக்களத்தால் சரிபார்க்கப்பட்டு முத்திரை பதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். சந்தையில் மீன்காரரின் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற நாம், மடுவத்துத் தராசில் பார்த்திருக்கிறோமா?

ரப்பர் தோட்டத்தில் கதை இன்னும் நுணுக்கம். 1876 இல் பிரேசில் விதை லண்டன் கியூ பூங்கா வழியாக கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைக்கு வந்ததிலிருந்து தொடங்கி, கேகாலை மலைகள் ரப்பர் காடாயின. ரப்பர் பாலை வாளியில் எத்தனை லீற்றர் என்று மட்டும் அளந்தால் போதாது. அதில் தண்ணி எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலக் என்ற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விடுவார்கள். பால் எவ்வளவு கெட்டியோ அதைப் பொறுத்து அது மேலே நிற்கும் அல்லது கீழே இறங்கும். பழையதில் ஒரு கலனுக்கு எத்தனை இறாத்தல் ரப்பர் என்று கோடு இருந்தது, புதியதில் லீற்றருக்கு எத்தனை கிராம். பால் வெட்டுகிறவரின் காசு அந்தக் கோட்டில் இருக்கிறது. தராசாவது எல்லோருக்கும் புரியும். மெட்ரோலக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் களத்தில் எத்தனை பேர்?

பதினாறு பேரின் இடது கால்

பேர்ச் என்றால் என்ன? கேட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கே சரியாகத் தெரியாது. நிலம் அளக்கிற ஒரு கம்பின் பேர் அது. நீளம் பதினாறரை அடி. அந்தக் கம்பை நாலு பக்கமும் வைத்தால் வருகிற சதுரம் ஒரு பேர்ச், 272.25 சதுர அடி. 40 பேர்ச் ஒரு றூட், 160 பேர்ச் ஒரு ஏக்கர். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் யாக்கோப் கோபல் எழுதிய நில அளவை நூலில் இப்படிப்பட்ட கம்பை எப்படிச் செய்வது என்று ஒரு படம் உண்டு. ஞாயிறு பூசை முடிந்து வருகிற பதினாறு ஆண்களை, உயரமோ குட்டையோ, வரிசையாக நிற்க வைத்து அவர்களின் இடது காலை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளக்கிறார்கள். ஒரு வகையில் ஜனநாயக அளவு.

2015 க்குப் பிறகு தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டோடு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு வந்தது. இந்திய உதவி வீடுகள் 550 சதுர அடி. 2024 இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் பத்து பேர்ச். ஏழு பேர்ச் என்றால் எவ்வளவு பெரியது? மெட்ரிக்கில் 177 சதுர மீற்றர். ஒரு வொலிபோல் கோர்ட் 18 மீற்றருக்கு 9 மீற்றர், 162 சதுர மீற்றர். ஆக, ஏழு பேர்ச் என்பது ஒரு வொலிபோல் கோர்ட்டும் அதைச் சுற்றி ஒரு சின்ன விளிம்பும். பத்து பேர்ச் ஒன்றரைக் கோர்ட். யாழ்ப்பாணத்துக் கணக்கில் பத்து பேர்ச் ஒரு பரப்பு. அங்கே ஒரு பரப்பு வைத்திருக்கிறவர் தன்னை ஏழை என்றுதான் சொல்வார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 120 சதுர அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு ஏழு பேர்ச் சின்ன விஷயம் இல்லை. பதினாறு காம்பரா அடங்குகிற இடம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு உச்சவரம்பு 50 ஏக்கர் என்று வைத்தது. 1975 திருத்தம் கொம்பனித் தோட்டங்களை அரசுக்கு எடுத்தது. ஏக்கர் ஏக்கராகக் கை மாறிய அந்த வருடங்களில், அந்த மண்ணில் பிறந்து உழைத்தவர்களின் பேரில் ஒரு பேர்ச்கூட எழுதப்படவில்லை. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளுக்குப் போனபோதும் அப்படியே.

உறுதிப் பத்திரம் கைக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு விஷயம். வரைபடத்தில் இப்போது ஹெக்டேயரில் எழுதுவார்கள். ஏழு பேர்ச் என்றால் 0.0177 ஹெக்டேயர். தசமப் புள்ளிக்குப் பிறகு முதலில் ஒரு சைபர் இருக்கிறது. பழைய முறையில் ஏக்கர் 0, றூட் 0, பேர்ச் 7 என்று இருந்தால் படிப்பு குறைந்தவருக்கும் புரியும். ‘0.0177’ யாருக்குப் புரியும்? சப்ரகமுவ மாகாணத்தில் நாம் சிதறி வாழ்கிறோம், பத்திரம் பெரும்பாலும் சிங்களத்தில் வருகிறது. மொழி ஒரு பூட்டு, அலகு இன்னொரு பூட்டு. ஹெக்டேயரை 395.4 ஆல் பெருக்கினால் பேர்ச் வரும். ஃபோனில் கல்குலேட்டர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இதைச் செய்து கொடுப்பது நம் வயதுக்காரர்களின் வேலை.

துவக்குக்குள் இருக்கிற இறாத்தல்

இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போது எங்களை அதிகம் ஆச்சரியப்படுத்தியது துவக்குத் தோட்டாதான். ‘பன்ரெண்டு போர்’ என்கிறார்களே, எதில் பன்ரெண்டு? அங்குலமும் இல்லை, மில்லிமீற்றரும் இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தை எடுத்துச் சமமான பன்ரெண்டு உருண்டைகளாக உருட்டினால், ஒரு உருண்டை அந்தக் குழாய்க்குள் சரியாகப் போகும். அதனால் பன்ரெண்டு போர். விட்டம் 18.5 மில்லிமீற்றர். பதினாறு போர் என்றால் பதினாறு உருண்டை, ஆகவே குழாய் சின்னது. எண் ஏற ஏறத் துவக்கு சிறுத்துக்கொண்டே போகும். பன்றிக்குப் போடுகிற எஸ்.ஜி. குண்டு ஒரு அவுன்ஸுக்கு எட்டு. தோட்டாவின் நீளம் மட்டும் ரெண்டே முக்கால் அங்குலம், பெட்டியில் 70 மில்லிமீற்றர் என்று அச்சடித்திருக்கும். கடையில் இறாத்தல் பாணாக மிச்சமிருப்பது போல, துவக்குக் குழாய்க்குள்ளும் இறாத்தல் மிச்சமிருக்கிறது.

.303 வேறு வகை. பிரிட்டிஷ் பட்டாளமும் பொலிஸும் வைத்திருந்த ரைஃபிள். குழாயின் விட்டம் 0.303 அங்குலம், 7.7 மில்லிமீற்றர். பிறகு நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பேர் ரி-56. அதன் தோட்டா 7.62 மில்லிமீற்றர். இது மெட்ரிக் எண் மாதிரித்தான் தெரிகிறது. ஆனா ஏன் இப்படி ஒரு உடைந்த எண்? 7.62 என்பது சரியாக 0.3 அங்குலம். ரஷ்யாவில் மகா பீட்டர் காலத்திலிருந்து ஆங்கில அடியே அடி. அங்குலத்தில் பத்தில் ஒன்று ஒரு ‘கோடு’. 1891 இல் அவர்கள் செய்த ரைஃபிளுக்கு ‘மூன்று கோடு’ என்றே பேர். புரட்சிக்குப் பிறகு மெட்ரிக்குக்கு மாறினார்கள், மூன்று கோடு 7.62 ஆனது, அதே எண் சீனாவின் 56 ஆம் வகை ரைஃபிளுக்கும் போனது. மெட்ரிக் சட்டை போட்ட அங்குலம்.

எண் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தோட்டா மாற்றிப் போட முடியாது. .303 தோட்டாவின் உறை 56 மில்லிமீற்றர் நீளம், நேட்டோ நாடுகளின் 7.62 க்கு 51, ரி-56 க்கு 39. பேரில் இருக்கிற எண் முழு அளவைச் சொல்வதில்லை. பன்ரெண்டு போர் துவக்கில் தெரியாமல் இருபது போர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழாயே வெடிக்கும். அதனாலேயே இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். அளவு தெரியாமல் கை போன கதைகள் இப்படித்தான்.

இதில் வரலாறு எங்கே? 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி கடுமையாக நடந்த மாவட்டங்களில் கேகாலை ஒன்று. அந்த இளைஞர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் வீடுகளிலிருந்து எடுத்த வேட்டைத் துவக்கும் கையால் செய்த குண்டும். எதிரே இருந்தது அரசின் ரைஃபிள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையில் பெரும்பாலும் இடமில்லை. முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றான ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ தோட்டத் தமிழரைச் சந்தேகத்தோடு பார்த்தது.

தோட்டத் தொழிலாளிக்குத் துவக்கு என்பது எப்போதும் மறுமுனையிலிருந்து தெரிந்த பொருள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். 1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். அந்தப் போராட்டம் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிரானது. ஏக்கருக்கும் தோட்டாவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அந்த நாள் சொல்கிறது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது துவக்கே தேவைப்படவில்லை. வடக்கே வவுனியாவுக்குப் போன குடும்பங்கள் பேர்ச் கணக்கில்கூட எதையும் கொண்டுபோகவில்லை.

கரட் ஒரு விதிவிலக்கு

இரத்தினபுரி என்றால் மாணிக்கம். கரட் பழைய காலத்து அளவு என்று நினைப்போம். பேர் பழசு, கரோப் மரத்தின் விதையிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் அதே வேலையைக் குன்றிமணியும் மஞ்சாடியும் செய்தன. ஆனா இன்றைய கரட் சுத்த மெட்ரிக். 1907 இல் அதைச் சரியாக 0.2 கிராம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஒவ்வொரு நகரத்திலும் கரட் வேறு வேறாக இருந்தால் நஷ்டப்படுவது பணக்கார வியாபாரிகள். அவர்களுக்கு அரைக் கரட் என்றாலும் லட்சம். அதனால் மிச்சம் விழாத அளவு உடனே வந்துவிட்டது. கொழுந்துக்கு அந்த அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

150 மில்லிமீற்றர்

கடைசியாக மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மில்லிமீற்றரில் கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் வெளியேறத் தயார். 150 தாண்டினால் வெளியேறு. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவிலும் சரிந்தது.

தோட்டத்துப் பெரியவர்கள் மழையை அங்குலத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். தோட்டக் கந்தோர்களில் மழைக் கணக்கு நெடுங்காலம் அங்குலத்தில்தான் எழுதப்பட்டது. ‘150 மில்லிமீற்றர்’ என்று ரேடியோ சொன்னால் தாத்தாவுக்கு அது ஒரு எண் மட்டும். ‘ஆறு அங்குலம் தாத்தா’ என்று சொன்னால் எழுந்து நிற்பார். இங்கே அலகு மாற்றத் தெரிவது பரீட்சைக் கேள்வி இல்லை, உயிர்க் கேள்வி. எச்சரிக்கை தமிழில் வர வேண்டும் என்று கேட்கிறோம், சரி. பெரியவர்களுக்குப் புரிகிற அலகிலும் வர வேண்டும் என்று சேர்த்துக் கேட்போம். அதுவரை, பக்கம் நேராக உள்ள ஒரு போத்தலில் அடிக்கோல் ஒட்டித் திறந்த வெளியில் வைத்தால் லயத்துக்கு ஒரு மழைமானி. 75 இல் மஞ்சள் கோடு, 100 இல் செம்மஞ்சள், 150 இல் சிவப்பு. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

மெட்ரிக் நல்லதா, இம்பீரியல் நல்லதா என்று எங்களிடம் கேட்டால், மெட்ரிக் என்றுதான் சொல்வோம். பத்தின் கணக்கு சுலபம், உலகம் முழுக்க ஒன்று, அது பிறந்ததே ஏமாற்றப்பட்டவர்களின் கோரிக்கையிலிருந்து. ஆனா எந்த அளவும் தானாக நியாயமாக இருக்காது. கூடையை முதலில் வெறுமனே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். தராசின் முகத்தை நம் பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். முத்திரையைப் பாருங்கள். பத்திரத்தில் உள்ள ஹெக்டேயரைப் பேர்ச்சாக்கி அம்மாவிடம் சொல்லுங்கள். கொழுந்துக் கணக்கை ஒரு கொப்பியில் ஒரு மாதம் எழுதி வைத்து, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எத்தனை கிலோ என்று தெரிந்தால்தான் அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாவோடு கிலோவையும் மேசைக்குக் கொண்டுவர முடியும்.